மானகிரிக் கொல்லையில் ஒரு பரவளையம்

மருமக்களே, காரைக்குடிப் பக்கம் போக மூட்டை கட்டிக்கொண்டு, "மாமா, அங்கே எதைப் பார்க்கலாம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெரிய வீடுகளைப் பற்றியும் கோழிக்குழம்பைப் பற்றியும் எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அண்ட சராசரத்திலும் நான் ஒருவன் மட்டுமே எழுதக்கூடியது ஒன்று உண்டு. அது ஒரு பரவளையம். பத்தாவதுக்கு மேலே கூம்பு வெட்டுகள் என்று ஒரு பாடம் நடத்தினார்களே, வட்டம், நீள்வட்டம், பரவளையம், அதிபரவளையம் என்று நான்கு பேர் வரிசையாக வந்து நம் மார்க்கைத் தின்றுவிட்டுப் போனார்களே, அதே ஆசாமிதான். ஓடாதீர்கள். இந்த முறை அவர் நல்ல காரியம் செய்யப் போகிறார்.

போனது தொண்ணூற்றாறாம் வருடம், புரட்டாசி மாதம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் அக்கா லூர்தம்மாள் மானகிரியில் இருக்கிறாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருச்சிக்குப் போன் போட்டாள். "டேய் சூசை, ஞாயித்துக்கெழமை மதுரை ஆசுபத்திரில சேரச் சொல்லிட்டாக. கர்ப்பப்பைய எடுக்கணுமாம். நீ சனிக்கெழமையே வந்துரு. அவுகளுக்குத் தொணைக்கு ஒரு ஆளு வேணும்." அவ்வளவுதான் சொன்னாள். அக்கா ஒரு நிமிடத்துக்குள் போனை வைத்தாள் என்றால் காவிரியில் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது என்று அர்த்தம். அன்றிரவே பையை எடுத்து வைத்துவிட்டேன்.

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் அதிகாலை மூன்றே முக்கால் வண்டி. காரைக்குடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பதினான்கு ரூபாய். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டைப் பிடித்தேன். அது இரண்டு பேர் சீட்டு; நான் உட்கார்ந்தபின் ஒருவர் சீட்டு. புதுக்கோட்டை தாண்டியும் விடியவில்லை. முன்னால் எட்டிப் பார்த்தேன், ரோடு கறுப்பாகக் கிடந்தது.

"அண்ணே, லைட்டப் போடலியா?"

"போட்டுத்தானே இருக்கேன். மேல பாருங்க" என்றார் டிரைவர்.

பார்த்தேன். ரோட்டோரப் புளியமரத்தின் உச்சியில் ஒரு காக்கைக்கூடு பட்டப்பகல்போலத் தெரிந்தது. காக்கை எங்களை முறைத்தது.

"நேத்து பல்பு மாத்துனானுக. ஒரு நூல் தள்ளி உக்காந்துருச்சு. உள்ள இருக்கிற கிண்ணம் பொல்லாததுண்ணே. பல்பு அது கேக்குற எடத்துல இருந்தா வெளிச்சத்த ஈட்டி மாதிரி நேரா அனுப்பும். கொஞ்சம் தள்ளுனாலும் காக்காய்க்கும் கொக்குக்கும்தான்."

"அப்ப ரோடு தெரியாம எப்படி ஓட்டுறீக?"

"இருபது வருசமா இதே ரோடுதானே. குழியெல்லாம் நம்ம சொந்தக்காரக."

அந்தக் கிண்ணத்தின் வடிவம்தான் பரவளையம். அது கேட்கும் இடத்துக்குப் பெயர் குவியம். அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் கிண்ணத்தின் எந்தப் பக்கம் பட்டாலும் ஒரே திசையில் நேராகப் போகும். திருப்பிப் போட்டாலும் சரி: தூரத்திலிருந்து நேராக வருவதை எல்லாம் பொறுக்கி அந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டும். இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

திருமயத்தில் விடிந்தது. ஆறு இருபதுக்குக் காரைக்குடி. ஒன்றரை ரூபாய்க்கு டீ. டீக்கடையில் இட்லியும் இருந்தது. எத்தனை சாப்பிட்டேன் என்பதைக் கடைக்காரரின் மன அமைதியை முன்னிட்டு வெளியிடுவதற்கில்லை. ஏழு பத்துக்கு டவுன் பஸ், மானகிரி எட்டு கிலோமீட்டர். ஜன்னல் ஓரம் கிடைத்தால் பெரிய வீடுகளின் வாசல் வளைவுகளைக் கவனியுங்கள். பல வளைவுகள் பாதி வட்டம் இல்லை, பாதி நீள்வட்டம். இரண்டு ஆணி அடித்து, தொளதொளவென்று ஒரு கயிறு கட்டி, கயிற்றைக் கரித்துண்டால் இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்தால் நீள்வட்டம் தயார். அந்த வடிவத்தில் கூரை போட்டால் ஓர் ஆணி இருந்த இடத்தில் முணுமுணுத்தது மற்ற ஆணி இருந்த இடத்தில் கேட்கும் என்று என் அத்தான் சொல்வார். நான் அதை நம்பி ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்று முணுமுணுத்து, எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வாட்ச்மேன் என் வீட்டாருக்குச் சொல்லியனுப்பியது தனிக்கதை.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், ஞானப்பிரகாசம் சார். முப்பது வருடம் கணக்கு வாத்தியார், ரிட்டயர் ஆகி மூன்று வருடம். நான் உள்ளே நுழைந்தபோது அடுப்படியில் அக்கா ஒரு தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் பாருடா. சாம்பாருக்குக் காரட்ட நறுக்கித் தாங்கன்னு சொன்னேன். நறுக்கியிருக்கிற அழகப் பாரு."

தட்டில் நேராக வெட்டியது சில, வட்டம். சாய்த்து வெட்டியது சில, நீள்வட்டம். காரட்டின் சரிவுக்கு இணையாக வெட்டியது சில, பரவளையம். காரட் என்பது கடவுள் படைத்த கூம்பு என்பது அத்தானின் வேதம்.

"ஒண்ணு வேகும், ஒண்ணு வேகாது. சாம்பாரா இது, பரீட்சைத்தாளா?" என்றாள் அக்கா.

அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்க மாப்ளே!" என்றார். அடுத்த தெருவில் ஒரு நாய் எழுந்து குரைத்தது. அத்தானுக்கு நாலு வருடமாகக் காது மந்தம். தன் குரலே கேட்காததால், எதைச் சொன்னாலும் கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருந்தோம். சட்டைப் பையில் தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அது கரண்டிச் சத்தம், காக்கைச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாவற்றையும் பெரிதாக்கி, மனிதக் குரலை மட்டும் விசிலாக மாற்றியது. ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு அதை மேசை டிராயரில் அடக்கம் செய்துவிட்டார்.

அத்தான் கொல்லைக்குப் போனதும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சூசை, நாலு வருசமா நான் அவுககிட்டப் பேசலடா. கத்துறேன். 'சாப்பிட வாங்க', 'தண்ணி எறைங்க', 'கதவச் சாத்துங்க'. கத்துறதுக்கு ஏத்த வார்த்தை இவ்வளவுதான் இருக்கு. போன வாரம் ஆப்பரேசன்னு சொன்னேன். அவுகளுக்குப் புரியிறதுக்குள்ள பலசரக்குக் கடைக்காரரு வாழைப்பழத்தோட ஆறுதல் சொல்ல வந்துட்டாரு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போறதுக்கு முன்னாடி ஒரு சங்கதி சொல்லணும்டா. அவுக காதுல மட்டும். ஊரு காதுல இல்ல."

"எழுதிக் குடேன்க்கா."

"எழுதிக் குடுத்தா செவப்பு மையில திருத்தி, மார்க்கு போட்டுத் திருப்பிக் குடுப்பாக. அதுவுமில்லாம, எழுதுற சங்கதியா இருந்தா எழுத மாட்டேனா? வாயாலதான் சொல்லணும்."

என்ன சங்கதி என்று கேட்க என் நாக்கு துடித்தது. ஆனால் அக்கா எழுந்து அரிசி களையப் போய்விட்டாள். நாளை விடிகாலை மதுரை பஸ். இன்று ஒரு பகல்தான் இருந்தது.

இந்த இடத்தில் ஜபருல்லாவை அறிமுகம் செய்ய வேண்டும். அத்தானின் பழைய மாணவன். சவூதியில் ஆறு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து மானகிரியில் கேபிள் டிவி ஆரம்பித்திருந்தான். அவன் வீட்டைச் சுற்றித் தென்னை. அதனால் வானம் நன்றாகத் தெரிகிற அத்தானின் கொல்லையில் பன்னிரண்டடி டிஷ் ஆன்டெனாவை நட்டிருந்தான். வாடகை கிடையாது, அக்காவுக்கு இலவசக் கனெக்‌ஷன். அந்த டிஷ்ஷும் பரவளையம்தான். வானத்தில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் சாட்டிலைட்டிலிருந்து வரும் அலையைப் பொறுக்கிக் குவியத்தில் கொட்டும். குவியத்தில் மூன்று கம்பிகளின் நடுவே ஒரு தலை தொங்கும். எல்.என்.பி. என்பார்கள். அது வாங்கி ஒயர் வழியாக ஊருக்கு அனுப்பும்.

கொல்லைக்குப் போனவன் கண்ணைப் பொத்திக்கொண்டேன். அலுமினியத் தகடுகளாலான அந்த டிஷ் பளபளவென்று, திருமண வீட்டுச் சொம்புபோல மின்னியது.

"எப்படி மாமா இருக்கு?" என்றான் ஜபருல்லா பெருமையாக. "எங்கம்மா போன வாரம் சொன்னாக, ஊருல ஒவ்வொரு வீட்டுலயும் செம்பும் பித்தளையும் மொகம் பாக்கிற மாதிரி மின்னுது, நம்ம தொழில் மட்டும் சாம்பப் பூசுன மாதிரி நிக்கிதேன்னு. அரியக்குடியில பித்தளை பாலிஷ் பண்ற பட்டறைக்காரகளக் கூட்டியாந்து மூணு நாளாத் தேய்ச்சோம். நேத்து சாயங்காலம்தான் முடிஞ்சுது."

செட்டிநாட்டில் மங்கலான பொருள் என்றால் அது ஓர் அவமானம். சுவரிலேயே முகம் பார்க்கிற ஊர். எனவே எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. டிஷ்ஷைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன். தலைகீழாகத் தெரிந்தேன், எனக்கு அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

பதினொன்றே முக்கால். அக்கா வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிகழ்ச்சியில் புள்ளி புள்ளியாகப் பனி பெய்தது. பிறகு டிவி இருண்டது. கொல்லையிலிருந்து ஒரு கருகல் வாசனை. ஓடினோம். குவியத்திலிருந்த தலையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதன் பிளாஸ்டிக் மூடி சொட்டுச் சொட்டாக உருகி டிஷ்ஷில் விழுந்தது.

ஜபருல்லா தெருவிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்தான். "யா அல்லா! மாமா, சாட்டிலைட்லருந்து நெருப்ப விட்டுட்டானுக!"

அத்தான் புகையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், பளபளப்பைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய் ஜபரு! நீ சூரியனுக்குல்லடா கனெக்‌ஷன் குடுத்துட்ட!" அரியக்குடி பட்டறைக்காரர்களுக்கே அது கேட்டிருக்கும்.

விஷயம் இதுதான். வருடத்தில் இரண்டு தடவை, பங்குனியை ஒட்டியும் புரட்டாசியை ஒட்டியும் சில நாட்கள், சூரியன் நடந்து போகும்போது சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் சில நிமிடம் நிற்கும். அப்போது டிஷ்ஷின் பார்வை நேராகச் சூரியன் மேல். மங்கலான டிஷ்ஷாக இருந்தால் வெயில் சிதறிப்போகும், டிவியில் கொஞ்சம் பனி பெய்யும், அவ்வளவுதான். ரேடியோ அலைக்கு மங்கலும் பளபளப்பும் ஒன்றுதான், வெயிலுக்கு அப்படியில்லை. ஜபருல்லாவின் டிஷ் பன்னிரண்டடி அகல வெயிலையும் பொறுக்கி ஒரு தேங்காய் அளவு இடத்தில் கொட்டிவிட்டது. இரும்பாக இருந்தாலும் அன்று அது அல்வாவாகியிருக்கும்.

தலையைக் கழற்றுவதற்காக டிஷ்ஷை மெதுவாகச் சாய்த்தார்கள். அதுவரை வானம் பார்த்திருந்த டிஷ் இப்போது தரை மட்டத்துக்கு நேராக, வடக்கே அடுப்படிப் பக்கம் பார்த்து நின்றது. நடுவில் முப்பதடி வெறும் கொல்லை. அந்தப் பக்கம் துவைகல் அருகே அக்கா முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஜபருல்லா வெந்த தலையைக் கையில் ஏந்திக்கொண்டு, இறந்த குருவியைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் கம்பிகளில் சேதம் உண்டா என்று பார்க்க முக்காலி மேல் ஏறி, தலை இருந்த இடத்தில் தன் தலையை நீட்டினார். அடுப்படிக்கு முதுகு, டிஷ்ஷுக்கு முகம்.

அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தண்ணீர் குடிக்க நின்ற எனக்கே அது அரைகுறையாகத்தான் விழுந்தது. "உச்சி வெயில்ல ஏறி நிக்கிறாக. தலைக்கு ஒரு துண்டு போடத் தோணுதா..."

முப்பதடிக்கு அப்பால், முதுகைத் திருப்பாமல், அத்தான் சொன்னார்: "துண்டு கொடியில கெடக்கு லூர்து. எடுத்துக்கிட்டு வா."

முறம் கீழே விழுந்தது. பருப்பு கொல்லை முழுதும் சிதறியது. நாலு வருடத்தில் அக்கா கத்தாமல் சொன்னதற்கு அவர் பதில் சொன்னது அதுதான் முதல். அதைவிட, அவர் கத்தவில்லை. சாதாரணமாக, ஒரு வீட்டுக்குள் ஒரு மனிதர் பேசுவதுபோலப் பேசினார். வெயிலைப் பொறுக்கியதுபோலவே அக்காவின் முணுமுணுப்பையும் பொறுக்கி அவர் காதில் கொட்டிய டிஷ், அவர் குரலையும் கட்டாகக் கட்டி அக்கா இருந்த இடத்துக்கு அனுப்பியது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, பரீட்சை செய்வதுபோல, உதட்டை மட்டும் அசைத்து, "கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"நெசமாவா?"

"காரட்டுக்கு என்னைய வஞ்சதெல்லாம் இப்படித்தான் வஞ்சியா?"

இதற்குள் புகையைப் பார்த்த ஊர் கொல்லைக்குள் வந்துவிட்டது. அடுத்த வீட்டார், எதிர் வீட்டார், பலசரக்குக் கடைக்காரர், அவர் கையில் மறுபடியும் வாழைப்பழம். டிஷ்ஷில் எல்லோரும் தலைகீழாகத் தெரிந்தார்கள், ஒருவரை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள். அக்கா பருப்பைப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாது. ஊர் சாப்பிடப் போகும் என்று காத்திருந்தோம். சாப்பிட்டுவிட்டு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இதில் இன்னொரு நெருக்கடி. அன்று சனிக்கிழமை, சாயங்காலம் டிவியில் படம். ஜபருல்லாவின் மச்சான் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் புது எல்.என்.பி. வாங்கப் போயிருந்தார். அது வந்தால் டிஷ் மறுபடி வானம் பார்த்துவிடும். வானத்தைப் பார்க்கிற டிஷ்ஷால் அக்காவுக்கு உபயோகமில்லை. நாலரை மணிக்கு வண்டிச் சத்தம். புது தலை ஒரு துணிப்பையில் வந்துவிட்டது.

ஜபருல்லாவை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "அக்கா நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போகுது. அதுக்குள்ள சார் காதுல ஒரு வார்த்தை சொல்லணுமாம். ஒரே ஒரு மணி நேரம் இந்த டிஷ் இப்படியே இருக்கணும். கொல்லையில ஒரு ஈ இருக்கக் கூடாது."

அவன் அக்காவைப் பார்த்தான். கையிலிருந்த பையை ஓரமாகக் கிடந்த கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "மாமா, ஸ்பேரு வரல."

"இப்பத்தானே கட்டிலுக்கடியில..."

"வரலைங்கிறேன்ல!"

பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் ஆள் அனுப்பினார், படம் வருமா வராதா என்று. ஜபருல்லாவின் அம்மாவே வந்துவிட்டார். "டேய், கனெக்‌ஷன் குடுத்த வீடெல்லாம் என் வாசல்லதான் வந்து நிக்கிது. என்னடா பண்ற?" ஜபருல்லா அவர் காதில் ஏதோ சொன்னான். அந்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லைக்குப் போகிற சந்து வாயில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "அங்குட்டு யாரும் போகாதீக. பாம்பு."

"என்ன பாம்பு?"

"பெரிய பாம்பு. போறீகளா?"

ஒருவரும் போகவில்லை. ஆனால் ஒருவரும் வீட்டுக்கும் போகவில்லை. சந்தின் அந்தப் பக்கம் நின்று காது கொடுத்தால் கொல்லைப் பேச்சு கேட்டுவிடுமே என்று எனக்குப் பயம். மருமக்களே, ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுத்து அனுப்புகிறான். எனக்குக் கொடுத்தது இந்த வாய். வாசல் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், ஊரைச் சுற்றி உட்காரவைத்தேன், ஆரம்பித்தேன். சாட்டிலைட் ஒன்று கழன்று திருச்சி மலைக்கோட்டை உச்சியில் மாட்டிக்கொண்டதையும், அதை எடுக்க நான் மட்டும் ஏறியதையும் சொன்னேன். சூரியன் கேபிள்காரர்கள்மேல் மதுரையில் வழக்குப் போட்டிருப்பதைச் சொன்னேன். எங்கள் பஸ் டிரைவரின் ஹெட்லைட் வெளிச்சத்தில் நிலாவில் ஒரு காக்கை தெரிந்ததைச் சொன்னேன். பலசரக்குக் கடைக்காரர் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நடுவில் ஒரு தடவை, தொண்டை வறண்டு, சந்து வழியே எட்டிப் பார்த்தேன். அத்தான் முக்காலிமேல், முதுகைக் காட்டி, அசையாமல். முப்பதடி தள்ளி அக்கா துவைகல்லில் உட்கார்ந்து, மடியில் முறம். முறத்தில் ஒன்றும் இல்லை. வெறும் முறத்தைத் தடவிக்கொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைகிறது. நீண்ட நேரம் அசைந்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மாட்டவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அக்கா முகத்தை முறத்தால் மறைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஒரு கால் எடுத்து வைத்தேன். முறம் இறங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் போகும்போதுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன அங்குட்டு? பாம்பப் பாக்கவா?" என்று ஜபருல்லாவின் அம்மா என்னையும் விரட்டினார்.

விளக்கு வைக்கிற நேரம். ஜபருல்லா வீட்டு வாசலில் தகரக் குடை போட்ட ஒரு பல்பு எரிந்தது. குடையிலிருந்து கூம்பாக இறங்கும் வெளிச்சம் பக்கத்துச் சுவரில் வெட்டுப்பட்டு ஒரு வளைவு போட்டிருந்தது. அதுதான் அதிபரவளையம், நால்வரில் கடைசி ஆள். பார்த்தே தீர வேண்டும் என்றால் எங்கேயும் போக வேண்டாம், சுவரோரம் ஒரு குடை விளக்கைப் போடுங்கள். ஊருக்கு அதையும் காட்டி ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தான் சந்து வழியாக வெளியே வந்தார். ஜபருல்லாவின் தோளில் கை வைத்தார். அவன் உரக்கக் கூவினான்: "ஸ்பேரு வந்துருச்சே!"

படத்தில் முக்கால் மணி நேரம் போய்விட்டிருந்தது. ஊர் மீதியைப் பார்த்தது. நாங்கள் பார்க்கவில்லை, மூட்டை கட்டினோம்.

மறுநாள் ஐந்தரைக்கு மானகிரியிலேயே மதுரை பஸ் கிடைத்தது. எண்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பஸ்ஸில் அத்தானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி முடித்தவர்கள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா அத்தானைப் பார்த்துக் கையால் ஒரு சைகை செய்தாள், அவர் தலையாட்டினார். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் அக்கா வீட்டில் நின்று, காரட்டை யார் நறுக்கியது என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

இனி, போகிறவர்களுக்கு. புரட்டாசியில் போனால் காலை பத்து மணிக்குள் சுற்றிவிடுங்கள். அதற்குமேல் வெயில் ஆளைக் காய்ச்சி எடுக்கும். பெரிய வீடுகளுக்குள் கேட்டுவிட்டுப் போங்கள், முகப்பில் நின்று முணுமுணுக்காதீர்கள். நாட்டரசன்கோட்டைக்கும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், பழைய வீடுகள் அங்கே நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். பஸ்ஸில் முன் சீட்டு வேண்டாம், பயம் அதிகம். நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, அதை நம்பிச் சில்லறை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். பளபளப்பான டிஷ் எங்கேயாவது சூரியனைப் பார்த்து நின்றால் அதன் முன்னால் தலையை நீட்டாதீர்கள், அந்த எல்.என்.பி.யின் கதி நினைவிருக்கட்டும்.

ஜபருல்லா மறு வருடம் வலை போட்ட புது டிஷ் ஒன்று வாங்கினான். பளபள டிஷ்ஷை எடைக்குப் போடவில்லை. அதே கொல்லையில், அதே வடக்குப் பார்த்து, கல் அடுக்கி நிறுத்திக் கொடுத்துவிட்டான். எதிரே முக்காலி, முப்பதடி தள்ளித் துவைகல்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். அத்தான் கோவிலுக்குப் போயிருந்தார். அக்கா துவைகல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி காலைத் தள்ளியது. சத்தமில்லாமல் முக்காலிமேல் ஏறி, குவியத்தில் தலையை வைத்தேன். ஊதுபத்திக் கடையில் நுழைந்தால் வாசனை வருகிற மாதிரி அவள் பக்கத்துச் சத்தமெல்லாம் என் காதில் வந்து விழுந்தது. நார் இழுக்கிற சத்தம், வளையல், மூச்சு.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே, வெகு தாழ்வாக, காதோடு காதாக, என் அக்காவின் குரல்.

"எறங்குடா சூசை. அவுக ஏறுனா முக்காலி இப்படி மொனகாது."

இறங்கினேன். ஆனால் ஒரு கால் இன்னும் முக்காலியில் இருக்கும்போதே, அடுத்ததும் கேட்டுவிட்டது.

"அது அவுக எடம்."